சிட்னியில் எத்தனை சுந்தரம்

சிட்னி விமான நிலையத்தில் என் வீட்டுக்காரரின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாசலில் பலகை பிடித்து நின்றவர்களில் ஒரு டிரைவர் கையில் 'சுந்தரம்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. நம்மாள் பெயரில் இன்னொரு மனிதர் இதே விமானத்தில் வந்திருக்கிறார் போலிருக்கிறது, அவரும் நம்மாளைப் போலவே எங்கேயாவது பெட்டியைத் தவறவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார், பாவம் இந்த டிரைவர் என்று நினைத்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம் போனது. என்னை அழைத்துப் போக மகள் கயல்விழி வரவில்லை. கூட்டம் கரைந்து, கடைசியில் நானும் பலகைக்காரரும் மட்டும்தான் மிச்சம். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆறுதலாகச் சிரித்தேன். அவர் மெல்ல நடந்து வந்து, "மிஸஸ் சுந்தரம்?" என்றார்.

"இல்லை. நான் திலகவதி. சுந்தரம் என் கணவர். அவர் திண்டுக்கல்லில் இருக்கிறார்" என்று விளக்கமாகச் சொன்னேன்.

அவர் பஞ்சாபிக்காரர். தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டு என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் மகள்தான் என்னை அனுப்பினாள் அம்மா. அவளுக்கு மீட்டிங்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. காரில் ஏறியதும் பையில் இருந்த அதிரசத்தில் ஒன்றைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டேன்.

என் மீது தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். எங்கள் பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் நம் பெயர். பெற்ற தகப்பனுக்கு அந்த ஓர் எழுத்துதான் பங்கு. பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலியாக விடக்கூடாது என்று படிவம் நிரப்பியவர் சொன்னதால் அதில் வீட்டுக்காரர் பெயரை எழுதினோம். எழுதியதோடு மறந்துவிட்டேன்.

தவிர, நான் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவள். வகுப்பில் ஒரு பையனை இன்னொரு பையன் அவன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அடிதடிதான். "டேய் முருகேசா" என்று முருகேசன் மகனைக் கூப்பிட்டதற்காக எத்தனை பேரைப் பெஞ்சின் மேல் ஏற்றியிருக்கிறேன்! அந்த வசவைத்தான் இந்த நாட்டில் மரியாதை என்று வைத்திருக்கிறார்கள்.

கயல் இருப்பது சிட்னியில் நார்த்மீட் என்ற பகுதியில். கட்டடக்கலைஞராக ஒரு பெரிய அலுவலகத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது அதை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்குகிறாள். 'இந்த மூணு வாரம் நீ பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்மா' என்று கூப்பிட்டாள். தைரியம் என்றால் சாம்பார், ரசம், கூட்டு என்பது வந்த பிறகு புரிந்தது.

சமையலறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றேன். ஃபிரிட்ஜின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவள் அலுவலகத்துக்கு வைக்கப்போகும் பெயர்ப்பலகையின் மாதிரி. 'சுந்தரம் ஆர்க்கிடெக்ட்ஸ்.'

"இது என்னடி?"

"ஆபீஸ் பேரும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள பதியணும். நல்லா இருக்குல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கயல் இந்தப் படிப்புக்குப் போக வேண்டும் என்று நின்றபோது, "பொம்பளைப் புள்ள கட்டடம் கட்டி அதுல யாரு குடியிருக்கப் போறா?" என்று கேட்டவர் இந்தச் சுந்தரம். அதற்காக நான் அவரோடு பதினோரு நாள் பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்துவதோடு சரி. பன்னிரண்டாவது நாள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற அவர், வாழ்நாளில் ஒரு கோழிக்கூடு கட்டியவர் கிடையாது. அவர் பெயரில் சிட்னியில் பலகையா?

"உன் பேரை வையேன். கயல்விழின்னு அழகா வச்சிருக்கேனே."

"அம்மா, இங்க ஆர்க்கிடெக்ட்னா சர்நேம்தான். எல்லாரும் அப்படித்தான்."

அதற்குள் வாட்ஸப்பில் அவரே வந்துவிட்டார். கயல் அவருக்கு முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருக்கிறாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சலூன்காரர், பேப்பர் போடுபவர், எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் எல்லோரிடமும் சொல்லியாயிற்றாம். "ஆஸ்திரேலியாவுல நம்ம பேருல கம்பெனி" என்றாராம். நம்ம பேராம்! நான் ரசத்தைத் தாளிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் நம்மூர்க் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க் பகுதிக்குக் கூட்டிப் போனாள். பரமட்டா ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாம். தெரு முழுக்க ஜிலேபி வாசனை. இவ்வளவு தூரம் பறந்து வந்து காலை நீட்ட முடியாமல் தூங்கியது இதற்குத்தானா என்று தோன்றினாலும், தோசையைக் கண்டதும் மனசு மாறிவிட்டது. கடையில் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தயாரானதும் கூப்பிடுவார்கள்.

"சுந்தரம்! ரெண்டு மசால் தோசை!"

"உங்கப்பா இங்கயும் வந்து சாப்பிட்டுப் போறாரா?" என்று கேட்டேன்.

"கயல்விழின்னு சொன்னா அவங்க எழுதி முடிக்கறதுக்குள்ள தோசை ஆறிடும்மா."

தோசை முறுகலாக இருந்தது. சட்னியில் தேங்காய் கஞ்சத்தனமில்லாமல் விழுந்திருந்தது. திண்டுக்கல்லில் இந்த அளவு தோசையை இரண்டாக்கி இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதை வாங்கப் போன ஒவ்வொரு முறையும் அவர் பெயரைக் கேட்க வேண்டியிருந்ததால் எனக்கு இரண்டாவது காபி இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஓபரா ஹவுஸ். படத்தில் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தாலும் நேரில் பார்த்தபோது வாயை மூட மறந்தேன். தூரத்தில் பால் வெள்ளையாகத் தெரிந்தது, பக்கத்தில் போனால் சில ஓடுகள் வெண்ணெய் நிறம். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் கையிலிருந்த முறுக்கை ஒரு கடற்பறவை கவ்விக்கொண்டு போய்விட்டது. எங்கள் ஊர்க் காக்காய் இப்படிச் செய்யாது. ஒரு தடவையாவது நம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கும்.

சுற்றிக்காட்ட வந்த பெண் துறுதுறுவென்று இருந்தாள். இதை வடிவமைத்தவர் டென்மார்க்காரர், பாதி வேலையில் சண்டை வந்து ஊரைவிட்டுப் போனவர், முடிந்த கட்டடத்தை வந்து பார்க்கவே இல்லை என்று சொன்னாள். அவர் பெயரைச் சொல்லித்தான் கதை முழுக்க ஓடியது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெண் ஒரு மாதிரி சொன்னாள், கயல் வேறு மாதிரி சொன்னாள், எங்கள் கூட்டத்திலேயே இருந்த ஒரு டென்மார்க் அம்மாள் மூன்றாவது மாதிரி, சூடான கிழங்கை வாயில் போட்டவள் போலச் சொன்னாள். நான் எப்படி எழுதினாலும் யாராவது திருத்தக் கடிதம் போடுவார்கள்.

அந்தப் பெயரில் உள்ளே ஓர் அறையே இருக்கிறது. 'அவர் பாணி', 'அவர் வளைவு' என்று எல்லாவற்றுக்கும் முன்னால் அதே பெயர். நான் கையைத் தூக்கினேன். வகுப்பறைப் பழக்கம்.

"இது அவருடைய பெயரா, அவர் அப்பாவின் பெயரா?"

"குடும்பப் பெயர் அம்மா."

"அப்படியென்றால் அவருக்கென்று வைத்த பெயர் என்ன?"

அந்தப் பெண்ணுக்குப் பெயர் சட்டென்று வரவில்லை. கண்ணை மூடி யோசித்து, ஒரு வழியாகச் சொன்னாள். அதற்குள் பத்துப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். கயல் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

டென்மார்க் அம்மாளுக்கு மட்டும் என் கேள்வி பிடித்துவிட்டது. அவர்கள் நாட்டிலும் ஒரு காலத்தில் அப்பா பெயரோடு 'மகன்' என்று சேர்த்துத்தான் பிள்ளைக்குப் பெயராம். ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. அரசாங்கம் தலையிட்டு, போதும், இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று நிறுத்திவிட்டதாம். அந்த நேரத்தில் யார் அப்பாவாக இருந்தாரோ அவர் பெயர் நிலைத்துவிட்டது. யாரோ ஒரு கொள்ளுத்தாத்தாவுக்கு அடித்த யோகம்!

வெளியே வந்ததும் கயலைப் பிடித்துக்கொண்டேன். "பாத்தியா? உலகமே கொண்டாடுற ஆளோட சொந்தப் பேரு காட்டுறவளுக்கே ஞாபகம் வரல. நாளைக்கு உன் கட்டடத்தைப் பாத்துட்டு எல்லாரும் சுந்தரம் கட்டினதுன்னு சொல்வாங்க. திண்டுக்கல்ல ஈசி சேர்ல படுத்திருக்கிற மனுஷன் கட்டினதுன்னு!"

"அம்மா, யாரும் அப்பாவை நினைக்க மாட்டாங்க."

"நான் நினைப்பேன்டி."

அவள் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதினோரு நாள் அனுபவம் இருக்கிறதல்லவா.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் விமானத்தில் மெல்பர்ன் போனோம். அங்கே மல்கிரேவ் என்ற பகுதியில் அவளுடைய முதல் சொந்த வேலை நடக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரரான, கயல் அவர்கள் வழக்கில் 'அன்ரி' என்று கூப்பிடும் ராஜியக்காவின் வீட்டில் சமையலறையைப் பெரிதாக்கும் வேலை. இது நன்றாக முடிந்தால் அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து காத்திருக்கின்றன. கெட்டுப்போனால், அங்கே எல்லோரும் எல்லோரிடமும் பேசுகிறவர்கள், அவ்வளவுதான். முந்தின ராத்திரி அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"வாங்கோ வாங்கோ! களைச்சுப்போய் வந்திருக்கிறியள், உந்தக் கதிரையில இருங்கோ. தேத்தண்ணி போடட்டோ?" என்று ராஜியக்கா கையைப் பிடித்துக்கொண்டார். தற்காலிக அடுப்பில் இடியப்பமும் தேங்காய்ப்பால் விட்ட சொதியும் தயாராக இருந்தன. சொதியை நான் மூன்று முறை ஊற்றிக்கொண்டேன். கயல் ஒரு வாய் தின்றுவிட்டு, ஜன்னலுக்குக் கண்ணாடி பார்த்துவிட்டு வருகிறேன் என்று கடைக்குப் போனாள்.

அவள் எடுத்திருந்த வாடகைக் கார் மறைந்ததும் ராஜியக்கா தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அக்கா, ஒரு விசயம். உங்கட மகள் குசினி யன்னலைப் பின்வளவுப் பக்கம் வைச்சிருக்கிறா. எனக்கு றோட்டுப் பக்கம் வேணும். சமைக்கேக்க ஆர் வருகினம், ஆர் போகினம் எண்டு பாக்கலாம்."

"கேட்க வேண்டியதுதானே?"

"ஒருக்கால் கேட்டனான். காரணம் சொன்னவ, எனக்கு விளங்கேல்ல. திருப்பிக் கேக்கப் பயமாக் கிடக்கு. நீங்கள் அம்மா. நீங்கள் சொன்னால் ஆர் மறுக்கிறது?"

சிபாரிசு! முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தவளிடம் சிபாரிசுக்கு ஆள் வருவது புதிதில்லை. மூன்று கரண்டி சொதி வேறு உள்ளே இருந்தது. எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன்.

மேஸ்திரி பெயர் கிரெய்க். ஆறடிக்கு மேல், சிவந்த கழுத்து. கூட இன்னொருவர் சுவரில் ஜிப்சம் பலகை அடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் அங்கே வேண்டாம், இந்தச் சுவரில் வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"யார் சொன்னது?" என்றார் கிரெய்க்.

என்ன தோன்றியதோ தெரியவில்லை. வந்து இறங்கியதிலிருந்து எங்கே போனாலும் என் தலையில் கட்டிய பெயர் அது. உபயோகப்படட்டுமே என்று, "சுந்தரம்" என்றேன். "நான்தான் சுந்தரம்." கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன்.

கிரெய்க் அதை வாங்கி நிதானமாகப் படித்தார். அதற்குள் மற்றவர், உத்தரவு வந்துவிட்டது என்று நினைத்து, தெருப்பக்கச் சுவரின் பலகையில் கதவளவுக்கு அறுத்துக் கீழே போட்டுவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பேச்சுக்கு மெல்பர்னில் பலகை விழுகிறது!

"நிறுத்து" என்று கிரெய்க் கத்தினார். பாஸ்போர்ட்டை மூடி என்னிடம் கொடுத்தார். "நீங்கள் சுந்தரம் இல்லை அம்மா."

"அரசாங்கம் சொல்கிறதே."

"இருக்கலாம். பழைய அலுவலகத்தின் மெல்பர்ன் வேலைகளில் நான் மூன்று வருஷம் சுந்தரத்தோடு வேலை பார்த்திருக்கிறேன். காரணம் சொல்லாமல் ஓர் ஆணியைக்கூட மாற்றச் சொன்னதில்லை. வரைபடம் இல்லாமல் வாயைத் திறந்ததில்லை. இந்தச் சுவர் மேலேதான் கூரையின் பாரம் முழுக்க நிற்கிறது. இதில் ஓட்டை போடச் சொன்னால் அது சுந்தரமாக இருக்க முடியாது."

நான் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊரில் பண்டகசாலைச் சுந்தரத்தைப் பற்றி யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஓர் ஆணி என்றால் அவர் நாலு பேரைக் கேட்பார், கடைசியில் அடிக்கமாட்டார். இந்த ஆள் சொல்லும் சுந்தரம் வேறு யாரோ. கறாரான ஆள், பயப்பட வேண்டிய ஆள், நம்பிக் கூரையை ஒப்படைக்கலாம் என்கிற ஆள். அது என் வயிற்றில் பிறந்தவள் என்று உறைக்க எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, அழுகைதான் வெளியே வந்தது. கிரெய்க் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கயல் வந்தாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"நான்தான் சொன்னேன். உன் பேருல சொல்லிட்டேன். தப்புதான்" என்றேன்.

ராஜியக்கா ஓடி வந்தார். "பிள்ளை, அம்மாவில பிழையில்லை, நான்தான் கேக்கச் சொன்னனான்."

"றோட்டுல என்ன அன்ரி பாக்கணும்?" என்று கயல் கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

ராஜியக்கா தயங்கினார். "மகன் ராத்திரி வேலை முடிச்சுக் காலமைதான் வாறவன். கேற்றடியில கார் நிண்டால்தான் எனக்கு அடுப்பு மூட்ட மனம் வரும்."

கயல் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். பாரம் எங்கே இறங்குகிறது, எங்கே இறங்கவில்லை என்று சுவரிலேயே கோடு போட்டாள். கிரெய்க் தலையாட்டிக்கொண்டே அளந்தார். கடைசியில் மூலையை ஒட்டி ஒரு முழ அகலத்தில், ஆளுயரத்துக்கு, ஒடுக்கமாக ஒரு ஜன்னல் வரலாம் என்று முடிவானது. அங்கிருந்து கேட் மட்டும் தெரியும். வேறொன்றும் தெரியாது. ராஜியக்கா மூலையில் போய் நின்று, கற்பனை அடுப்பில் கற்பனைக் கரண்டியைக் கிண்டிப் பார்த்துவிட்டு, "ஓம், இது காணும்" என்றார். போதும் என்று அர்த்தமாம்.

"சுந்தரம் என்றால் சுந்தரம்தான்" என்று கிரெய்க் தன் ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

திரும்பும் வழியில், விமான நிலையத்தில் உட்கார்ந்து கயல் லேப்டாப்பைத் திறந்தாள். முகம் களைத்திருந்தது. "சரிம்மா. நீ ஜெயிச்சுட்ட. கயல்விழின்னே பதிஞ்சுடறேன். எனக்கு உன்கூடச் சண்டை போடத் தெம்பில்ல."

"வேண்டாம். சுந்தரம்னே போடு."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் பதிந்துவிட்டாள். நான் இரண்டு இருக்கை தள்ளிப் போய் ஊருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பேரு பதிஞ்சாச்சா? போர்டுல நம்ம பேரு எவ்வளவு பெருசா வருதாம்? போட்டோ அனுப்பச் சொல்லு, தாசில்தார் நம்ப மாட்டேங்கிறாரு."

"பதிஞ்சாச்சுங்க. ஆனா அது உங்க பேரு இல்ல."

"சுந்தரம்னுதானே சொன்னா?"

"சுந்தரம்தான். இங்க சுந்தரம்னா உங்க பொண்ணு. ஆறடி ஆம்பளை ஒருத்தன் அந்தப் பேரைச் சொல்லும்போதே நிமிர்ந்து நிக்கிறான். நான் என் கண்ணால பாத்தேன். உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப நான் யாரு?"

"நீங்க சுந்தரத்தோட அப்பா."

அந்தப் பக்கம் ஈசி சேர் கிரீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்தார் போலிருக்கிறது. ரொம்பவும் சொல்லிவிட்டோமோ என்று எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

"திலகா," என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "அப்படின்னே சலூன்ல சொல்லிக்கலாமா?"